அக்கரையில் ஓர் அறை

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், ஒரு ஜோடிக் காது தவிர. அங்கே நீங்களும் அண்ணாவும் தலை முதல் கால் வரை ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சமையலறையில் கூடியிருந்தவர்கள்: உங்கள் தம்பி, நான், மருந்துக் கடையில் அன்று விடுமுறை கிடைத்த நம் பெண், தன்னுடைய இஸ்திரிப் பெட்டி பழுதாகி எங்களுடையதை இரவல் கேட்க வந்து நாற்காலியைக் கண்டதும் உட்கார்ந்துவிட்ட மாடி வீட்டுத் தையல்காரர். வேறு யாரும் இல்லை. யாருடைய தூண்டுதலும் இல்லை. நாளைக்கு நீங்கள் "யார் பேச்சைக் கேட்டு இந்த முடிவு எடுத்தீங்க" என்று கேட்டால், இந்த நாலு பேரில் மூன்று பேரை விட்டுவிட்டு என்னை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முடிவு என்னுடையது.

போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடுதாசி என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசி முடிக்கும்போது எனக்கு "சரிங்க அண்ணி" என்று சொல்ல மட்டும்தான் இடம் மிச்சம் இருக்கிறது. கடுதாசியில் நான் ஆரம்பித்ததை நானே முடிக்கலாம். அந்த ஒரு வசதிக்காகத்தான்.

விஷயம் இதுதான். உங்கள் தம்பி மர அறுவை மில்லில் பெரிய ரம்பத்துக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தது எங்களுக்குக் கல்யாணமான வருஷம். அவர் வேலையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் கூடப் பிறந்த உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? அறுக்கிற மரத்துக்குள்ளே எந்தக் காலத்திலோ யாரோ அடித்த ஆணி புதைந்து கிடந்தால், ரம்பத்தின் சத்தம் ஒரு இழை மாறுமாம். மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே கர்ரென்று இருக்கும்போது, இவர் கை மட்டும் சுவிட்சுக்குப் போய்விடும். நிறுத்திவிட்டு மரத்தைப் பிளந்து பார்த்தால் ஆணி இருக்கும். ஒருநாள்கூடப் பொய்த்ததில்லை. இதற்காகவே வேறு மில்காரர்கள் வந்து கூப்பிட்டும் இவர் போகவில்லை. இந்த ஊரில் பாதி வீட்டுக் கதவும் நிலையும் உங்கள் தம்பி காதுக்குப் பயந்து அறுபட்டவைதான். கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் நான் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போவேன். அப்படிப்பட்ட மனுஷருக்குப் போன மாசம் ஒரு ஆணி கேட்கவில்லை, அண்ணி. ரம்பத்தின் பற்கள் தெறித்து எதிர்ச் சுவரில் போய்க் குத்தி நின்றன. கடவுள் காப்பாற்றினார், யார் மேலும் படவில்லை. முதலாளி நல்லவர், ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலாளியே காது டாக்டரிடம் அனுப்பிவைத்தார். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார், மணி அடித்துப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, "காது ரொம்பக் களைச்சுப் போயிருக்கும்மா. சத்தமே இல்லாத இடமாப் பார்த்துக் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போங்க. வந்ததும் மறுபடி சோதிக்கிறேன். ரம்பத்துக்கே போகலாமா, இல்ல பலகை அடுக்குற வேலைக்கு மாறணுமான்னு அப்பத்தான் சொல்ல முடியும்" என்றார். பலகை அடுக்குவதும் வேலைதான், நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் உங்கள் தம்பி ஒரு மூலையில் பலகை அடுக்கிக்கொண்டு, இன்னொருத்தர் அந்த ரம்பத்துக்கு முன்னால் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கக்கூட எனக்கு இஷ்டமில்லை.

ஆகவே சத்தமே இல்லாத இடம் தேடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒவ்வொன்று சொன்னார்கள். நம் பெண் மலை என்றாள், மலையில் காற்று ஊளையிடும் என்று தள்ளினேன். கடற்கரை என்றாள், அலை வாயை மூடுமா என்று கேட்டேன். அப்போதுதான் தையல்காரர் வாயைத் திறந்தார். அவர் எந்த வருஷமோ ஓர் ஆற்றங்கரை விடுதிக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கப் போயிருந்தாராம். ஆறு ரொம்ப அடக்கமாம், ஓடுகிறதா நிற்கிறதா என்று ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். "அங்க ஒரு இலை விழுந்தாக்கூட யாருன்னு திரும்பிப் பாப்பாங்கம்மா" என்றார். அந்த வார்த்தையிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பஸ் நிறுத்தம், மாவு மில், ஒரு பட்டறை எல்லாம் உண்டாம். படகில் ஏறி அந்தப் பக்கம் போனால்தான் மரமும் புல்லும் பறவையுமாக இருக்குமாம். விடுதிக்கு ஆற்றின் இரண்டு பக்கமும் அறைகள் உண்டு, அக்கரையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று விலாசமும் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே விடுதிக்காரருக்கு எழுதினேன். எனக்கு எழுத்து யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மளிகை கட்டி வந்த காகிதத்தையும் பிரார்த்தனைப் புத்தகத்தையும் எதிரெதிரே வைத்து நானாகக் கற்றுக்கொண்டது. இன்றைக்கு வீட்டுக் கணக்கும் இந்தத் தெருவில் பாதிப் பேருடைய மனுக்களும் என் கையால்தான் போகின்றன. அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்களுக்கு அக்கறையில் ஓர் அறை தேவை" என்று எழுதி அனுப்பினேன். அவரிடமிருந்து வந்த பதில் இது: "மதிப்பிற்குரிய அம்மா, எங்கள் விடுதியில் எல்லா அறைகளையும் அக்கறையோடுதான் வைத்திருக்கிறோம். தங்களுக்குப் பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே நல்ல அறையாக ஒதுக்கியாயிற்று."

உடனே போன் போட்டேன். எழுத்தில் நான் செய்தது பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இரண்டு வார்த்தையையும் வாயால் பிரித்துச் சொல்வது எத்தனை பாடு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாங்க கேட்டது அக்கரைங்க" என்றேன்.

"அக்கறைதாம்மா. ஒரு குறையும் வராது."

"அந்த அக்கறை இல்லீங்க, இந்த அக்கரை."

"இந்தக் கரையிலதாம்மா குடுத்திருக்கோம். பஸ்ஸை விட்டு எறங்குனா ரூமு."

"ஐயோ, சின்ன ர போட்டதுங்க."

"சின்ன ரூமா? மூணு பேருக்கு எப்படிம்மா பத்தும்?"

எனக்குப் பக்கத்தில் நின்ற உங்கள் தம்பி, நான் யாருடனோ சண்டை போடுகிறேன் என்று நினைத்து, போனை வாங்கி, "என்னங்க வேணும் உங்களுக்கு?" என்று அவரையே கேட்டார். அவர் என்ன சொன்னாரோ, இவருக்கு என்ன கேட்டதோ, கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தேக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நம் பெண்தான் போனை வாங்கி, "ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மூன்றே வார்த்தை. அவளைப் படிக்க வைத்தது வீணாகவில்லை. இப்போது அக்கரையில் அறை உறுதியாகிவிட்டது. மூன்று பகல், இரண்டு ராத்திரி. செலவுக் கணக்கையெல்லாம் இங்கே எழுதி உங்களைப் படுத்த மாட்டேன், அது நேராக இருக்கிறது.

அதோடு நான் விடவில்லை. போகிற இடம் அமைதியாக இருந்தால் போதுமா, போகிற நாம் அமைதியாக இருக்க வேண்டாமா? ரம்பத்தோடு வாழ்ந்து வாழ்ந்து எங்கள் வீட்டில் உப்புக் கேட்பதுகூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் ஒருநாள் முழுக்க யாரும் வாய் திறக்காமல் ஒத்திகை பார்ப்பது என்று தீர்மானம் போட்டேன். தையல்காரர்கூட ஒத்துழைத்தார், அன்று மிஷினைத் தொடவில்லை, ஊசி நூலால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். காலையில் வழக்கமாக வாய்விட்டுச் சொல்லும் பிரார்த்தனையை மனசுக்குள்ளேயே சொன்னேன். சத்தம் இல்லாவிட்டால் மனசு எங்கெங்கே போகிறது, அண்ணி! எல்லாரையும் காப்பாற்று என்பதற்கும் சலவை சோப்பு தீர்ந்துவிட்டது என்பதற்கும் நடுவில் முற்றுப்புள்ளியே விழவில்லை. கடவுள் எதை எடுத்துக்கொண்டாரோ. பிறகு நான் அடுப்பை அணைக்கச் சொல்லி ஜாடை காட்டினேன், உங்கள் தம்பி விசிறி எடுத்துவந்து எனக்கு வீசினார், பால் பொங்கித் தரைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து காஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆள் வந்தார். எப்போதும் வாசலிலேயே தடாலென்று இறக்கிவிட்டுப் போகிறவர், நான் வாயைப் பொத்திக் கையால் பேசியதைப் பார்த்ததும் முகம் அப்படியே இளகிவிட்டது. சிலிண்டரைப் பூ மாதிரி தூக்கிவந்து சமையலறையில் வைத்து, மாட்டியும் கொடுத்து, "எப்பத்துலேர்ந்தும்மா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். இருந்தாலும் சாயங்காலப் பிரார்த்தனையில் இதைக் கடவுளிடம் தெரிவித்துவிட்டேன், இந்தத் தடவை வாய்விட்டு. மொத்தத்தில் ஒத்திகை வெற்றி. எங்கள் வீடு இத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. படுக்கும்போது எனக்கே என்னைக் குறித்துப் பெருமையாக இருந்தது.

இனி இந்தக் கடுதாசியின் கஷ்டமான பகுதி. இதுவரை நம் குடும்பம் எங்கே போனாலும் ஏற்பாடு உங்களுடையது, முன்னால் நடப்பது நீங்கள், தலையெண்ணுவது நீங்கள். அதற்கு நாங்கள் ஏழேழு ஜென்மத்துக்கும் கடமைப்பட்டவர்கள். உங்கள் குரல் கம்பீரமான குரல், கடவுள் கொடுத்தது, அதில் குறை சொல்ல நான் யார்? ஆனால் போன தடவை அந்த ஏரிக்கரையில் "வாங்க எல்லாரும் சாப்பிட" என்று நீங்கள் கூப்பிட்டதும், நமக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்ததையும், நடு ஏரியில் போய்க்கொண்டிருந்த படகு திரும்பி வந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களுக்கும் பரிமாறிவிட்டு அண்ணா பழம் மட்டும் சாப்பிட்டார். டாக்டர் சத்தமே இல்லாத இடம் என்று சொல்லியிருக்கிறார். ரம்பத்துக்கு முன்னால் உங்கள் தம்பி நின்ற இடம் அவருக்குத் திரும்பக் கிடைப்பது இந்த மூன்று நாளில்தான் இருக்கிறது. ஆகவே இந்த ஒரு தடவை மட்டும் நாங்கள் மூன்று பேர் மட்டுமாகப் போய் வருகிறோம். நீங்கள் மனசு நோகக் கூடாது. நோகும் என்று தெரியும், இருந்தாலும் கூடாது.

ஏற்பாடு முழுக்க நானே செய்தேன் என்பதை அண்ணாவிடமும் சொல்லுங்கள். அவருக்கு எங்கள் வணக்கம். நீங்கள் இரண்டு பேரும் மனசார எங்களை வாழ்த்தினால் படகு கவிழாது என்ற நம்பிக்கையோடு,

உங்கள் பிரியமுள்ள
தம்பி மனைவி

பின்குறிப்பு: எந்தக் கடுதாசியானாலும் கடைசியில் உங்கள் தம்பி ஒரு கையெழுத்துப் போடுவது வழக்கம். அதற்காக அவரிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் போய் நின்று ஒரு வரி விடாமல் படித்தார். சிலிண்டர்காரர் வந்த இடத்தில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்காவை ஏன் வேணாங்குற?" என்று கேட்டார். டாக்டர் சொன்னதைச் சத்தமாக நினைவுபடுத்தினேன். நம் பெண் உள்ளேயிருந்து வந்து, "டாக்டர் சொன்னது மிஷின் சத்தம்மா. மனுஷங்க பேசக்கூடாதுன்னா சொன்னாரு?" என்றாள். இதை அவள் ஒத்திகைக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொன்னாளாம், நான்தான் வாயில் விரலை வைத்து அடக்கிவிட்டேனாம்.

உங்கள் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "சாப்பிடும்போது நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க. நான் தலையாட்டுறேன். எதுக்கு ஆட்டுறேன்னு எனக்கே தெரியாது. அக்கா திட்டுனா மட்டும்தான் எதுக்குத் திட்டுறான்னு புரியுது. அவ வரலைன்னா நான் அங்க போய் யாரு பேச்சைக் கேக்கப் போறேன்?"

நான் ஒத்திகை நாளைப் பற்றிக் கேட்டேன், அன்றைக்கு வீடு எத்தனை அமைதி என்று கவனித்தீர்களா என்று. "எந்த நாளு?" என்றார்.

நாலு பக்கம் எழுதிய தாளைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் மேலே எழுதியதில் ஒரு வார்த்தைகூட அடிக்காமல் அனுப்புகிறேன். கஷ்டமான பகுதியை மட்டும் நீங்கள் படிக்காத மாதிரி இருந்துகொள்ளுங்கள். அக்கரையில் எங்கள் அறையை ஒட்டியே உங்களுக்கும் அண்ணாவுக்கும் ஓர் அறை பிடித்து வைக்கச் சொல்லி நம் பெண்ணே போன் செய்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வைத்திருப்பார்களாம். நீங்கள் வர வேண்டும் அண்ணி. போன் செய்தால் உங்கள் தம்பியிடமே கொடுக்கிறேன். எதுவானாலும் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.