விபூதி குடித்த கப்பு

கடவுளுக்குச் செய்த காரியத்துக்காக மனுஷனிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தவன் நான். வெட்கம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளில், கொச்சியில் தோப்பும்படிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மண் பரிசோதனை நடந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் சைக்கிளில் போய்வந்த தற்காலிக அட்டெண்டர் நான். (எட்டாம் வகுப்பு. அதையும் ஈசுவரன்தான் கைபிடித்துத் தாண்ட வைத்தான்.) வருஷக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்குவதாக, பரிசோதனையை நடத்திய மேனன் சார் சொல்லியிருந்தார். வீட்டில் என் மனைவி பார்வதிக்கு அப்போது ஏழாம் மாசம்.

தோப்பில் மூன்று கப்புகள் புதைத்திருந்தோம். கப்பு என்றால் சாயா குடிக்கிற கப்பு அல்ல. குழாயின் நுனியில் ஒட்டிய, கட்டைவிரல் பருமனில், மெருகு பூசாத வெள்ளைப் பீங்கான். மண்ணில் புதைத்து, குழாயிலிருந்து கைப்பம்பால் காற்றை இழுத்தால், மண்ணில் ஊறிய தண்ணீர் அதன் நுண்ணிய துளைகள் வழியே கசிந்து உள்ளே சேரும். அதை சீசாவில் பிடித்துக் கொடுப்பது என் வேலை. அதில் என்னென்ன உப்பு என்று பார்ப்பது சாரின் வேலை.

நவராத்திரி சமயம் நான்கு புதுக் கப்புகள் வந்தன. அதில் மூன்றைப் பழையவற்றின் பக்கத்திலேயே புதைக்கச் சொன்னார் சார். நான் என்ன செய்தேன்? அவரிடம் கேட்காமல் மூன்றையும் வீட்டுக்கு எடுத்துப்போய் சரஸ்வதி பூஜையில் வைத்தேன். சைக்கிளுக்குப் பொட்டு உண்டு, அரிவாள்மணைக்கு உண்டு, சோறு போடப்போகிற கப்புக்குக் கிடையாதா? விபூதியைத் தண்ணீரில் குழைத்துப் பட்டை பட்டையாகப் போட்டேன். போட்ட மாத்திரத்தில் காய்ந்துவிட்டது! அம்பாள் ஏற்றுக்கொள்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு பூச்சு போட்டேன். விஜயதசமி காலைவரை தொடக்கூடாதே, அப்படியே இருந்தது. பிறகு வேஷ்டி நுனியால் துடைத்து, தோப்பில் புதைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து சார் சீசாக்களைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“எந்தா சாமி இது? ஒரே தெங்கு, ஒரே மண்ணு. பழைய கப்பு ஒண்ணு சொல்றது, புதுக் கப்பு வேறொண்ணு சொல்றது. பொட்டாஷ் இரட்டி!”

“காயல் பக்கத்துல இருக்கே, அதனாலயோ என்னமோ சார்...”

“பழைய கப்பு மட்டும் என்ன, மூணாறிலயா இருக்கு?”

சீசாக்களைக் கழுவச் சொன்னார். பம்பை மாற்றினார். அடுத்த வாரமும் அதே கதை. கடைசியில், “இந்தச் சாதனத்தை விஸ்வசிக்க முடியாது. எல்லாத்தையும் திருப்பியனுப்பி, வேலையை நிறுத்தணும்னு எழுதப் போறேன்” என்றார்.

வேலை நின்றால் அட்டெண்டர் எதற்கு? ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். “பொட்டாஷ்னா என்ன சார்?”

“சாம்பல்ல உண்டே. அதுக்குத்தானே தெங்குக்குச் சாம்பல் இடறது.”

அவர் யதேச்சையாகத்தான் என் முகத்தைப் பார்த்தார். என் நெற்றியிலிருந்த மூன்று பட்டையும் சுட்டன.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கோயிலில் போய் முறையிடவும் கூச்சம். சாம்பல் ஈசுவரனுடைய சரக்குத்தானே!

“ஏன்னா, மோர்சாதம்கூடவா விக்கும்?” என்றாள் பார்வதி. சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வயிற்றில் கைவைத்துக் கொஞ்சம் யோசித்தாள்.

“சொல்லாட்டாலும் வேலை போறது, சொன்னாலும் போறது. சொல்லிட்டே போகட்டுமே.”

மறுநாள் காலை கடிதம் டைப் அடித்து சாரின் மேஜைமேல் தயாராக இருந்தது. பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

“சார், கப்பு பொய் சொல்லலை. நான்தான் விபூதி பூசிப் புதைச்சேன். மன்னிச்சுடுங்கோ.”

பேனா நின்றது. “எத்ர?”

“மூணு பட்டை. ரெண்டு தடவை.”

அவர் எழுந்துபோய், பெட்டியில் மிச்சமிருந்த நாலாவது கப்பை எடுத்துவந்தார். முதலில் அதன் வழியாக நல்ல தண்ணீரை இழுத்து ஒரு சீசாவில் பிடித்தார். பிறகு, “அன்னைக்குப் பண்ணின மாதிரியே பண்ணு” என்றார். விபூதி குழைத்தேன். “மந்திரமும் சொல்லு சாமி. ஒண்ணும் விடண்டா.”

இரண்டு நாள் கழித்து அதே கப்பில் மறுபடியும் நல்ல தண்ணீரை இழுத்துப் பார்த்தார். முதல் சீசாவில் பேருக்குக்கூட இல்லாத பொட்டாஷ் இதில் கொட்டிக் கிடந்தது. அன்று விபூதியை ஏற்றுக்கொண்டது அம்பாள் அல்ல, கப்புதான் உறிஞ்சியிருக்கிறது. சார் கடிதத்தை நாலாகக் கிழித்தார். தோப்பிலிருந்த மூன்றையும் தோண்டியெடுத்து, நீர்த்த அமிலத்திலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றிக் கழுவ வைத்தார். திரும்பப் புதைத்தபின் பழையதும் புதியதும் ஒரே குரலில் பேசின.

“நீ பூசாட்டாலும் புதுக் கப்பு தன் பங்குக்கு எதையாவது கக்கும். கழுவாம புதைச்சது என் தப்பு” என்றார் அந்தப் பெரிய மனுஷர். வேலை நிரந்தரமாயிற்று. கூடவே அலமாரியில் ஒரு அறிவிப்பும் நிரந்தரமாயிற்று: ‘கப்புகளைப் பூஜைக்கு வைக்கக் கூடாது.’

அன்று பார்வதியின் வயிற்றிலிருந்தவளுக்குப் பின்னாளில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நமஸ்காரம் பண்ணி எழுந்தார். விபூதித் தட்டோடு நெற்றியருகே கையைக் கொண்டுபோனேன். சபை முழுக்கக் கேட்க, பார்வதியின் குரல்:

“ஏன்னா, உறிஞ்சற ரகமான்னு விசாரிச்சுண்டு பூசுங்கோ!”

மாப்பிள்ளைக்கு அன்று ஒன்றும் புரியவில்லை; கதையைப் பிறகு சொன்னோம். இப்போது அவரே, புது சைக்கிள் வாங்கினாலும் தையல் மிஷின் வாங்கினாலும், என் கையில் விபூதியைக் கண்டதும் முந்திக்கொண்டு சொல்கிறார்: “கவலைப்படாதீங்கோ, இது உறிஞ்சாது.”