நான்கு குறைகளுக்குப் பத்து பாயிண்ட்

பள்ளத்தூரை விட்டுக் காரைக்குடிச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, பையில் இரண்டு சட்டை. வேலையை விட்டு என்னைத் துரத்தியது என் கையெழுத்து. வேலை போன மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் (பெரும்பாலும் கண்ணாடியில்). ஆனால் பாயிண்ட்டுக்கு ஆசைப்பட்டு வேலையைத் தொலைத்தவன் சிவகங்கை மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பழைய பெரிய வீடொன்றைத் தங்கும் விடுதியாக்கியிருந்தார்கள். அங்கே நான் பரிமாறுகிறவன். சேர்ந்து இருபது நாள். மாதக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்கி, பின்கட்டில் ஓர் அறை தருவதாக மேனேஜர் சிக்கந்தர் பாய் சொல்லியிருந்தார். உள்ளேயிருந்து போடுகிற தாழ்ப்பாள் உள்ள அறை. போன மழைக்காலம் முழுக்க லாரி ஷெட்டில் படுத்தவனுக்கு இருபத்தாறு வயதுவரை அப்படி ஒரு தாழ்ப்பாள் வாய்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை சென்னையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். ஊரைப் பார்க்க வரவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கற்பனை விளையாட்டு ஆட வந்திருந்தார்கள். ஆளுக்கொரு வீரனைத் தாளில் உருவாக்கி, அவனாகவே பேசி, பகடை உருட்டிப் பூதங்களோடு சண்டை போடவேண்டும். சம்பளம் வாங்கும் பெரிய மனிதர்கள்! அவர்களில் ஒருவர் கோழி வறுவலை நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் விழுந்துவிட்டார்.

“ஆள் குறையுது, நீங்க வாங்களேண்ணா” என்றாள் ஷாலினி என்ற பெண். “விருந்தாளி கேட்டா செய்யணும்டா” என்றார் மேனேஜர்.

விளையாட்டுத் தாள் இங்கிலீஷில் இருந்தது. எனக்காக ஷாலினி, மேசைமேல் கிடந்த விடுதித் தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கம் தமிழில் கட்டம் போட்டுத் தந்தாள். (முன்பக்கம் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்க்கத் துப்பில்லை எனக்கு.) முதல் கட்டம், பெயர். ஃபாரம் என்று எதைக் கொடுத்தாலும் அதில் நம் பெயரை எழுதவேண்டும் என்பது ரேஷன் கடையில் நான் படித்த படிப்பு. எழுதினேன்: செல்வராசு.

வலு, வேகம், அறிவு, வசீகரம் நான்குக்கும் சேர்த்து இருபது பாயிண்ட். நாமே பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

“வசீகரத்துல ஒண்ணும் போடாம விட்டா?”

“விடலாம். ஆனா யாரும் உங்ககூடப் பேச மாட்டாங்க.”

“இப்ப மட்டும் யாரு பேசுறாக?”

வலுவுக்குப் பதினெட்டு, வேகத்துக்கு இரண்டு, மற்றதெல்லாம் பூச்சியம். அப்படியும் நான் ஆசைப்பட்ட கோடரிக்கு வலு இருபத்தைந்து வேண்டுமாம். ஆட்டத்தை நடத்திய விக்னேஷ் வழி சொன்னான்: “குறை எழுதுங்கண்ணா. ஒவ்வொண்ணுக்கும் பாயிண்ட் தரேன். ஆனா நிஜமாவே ஆளை மாட்டிவிடுற குறையா இருக்கணும். இருட்டுன்னா பயம், பூனைன்னா பயம் எல்லாம் செல்லாது.”

கற்பனை எனக்கு வராது. கையிருப்பு நிறைய இருந்தது.

எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டியதில்லை என்று எழுதினேன். இரண்டு பாயிண்ட் கிடைத்தது. ஊட்டி ஓட்டலில் ஐந்து வருடம் இருந்ததாகச் சொல்லி இங்கே சேர்ந்தேன், அது பொய், ஒன்பது நாள் பாத்திரம்தான் கழுவினேன் என்பது அடுத்த வரி; மூன்று. பரிமாறப் போகும் வழியில் வறுவலில் ஒரு துண்டு காணாமல் போகும் என்பதற்கு ஒன்றுதான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவேன், காதில் வாங்கமாட்டேன் என்றதற்கு நான்கு!

“செம கேரக்டர்ணா! எப்படி யோசிக்கிறீங்க?” என்று விக்னேஷ் கைதட்டினான். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கே என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

கோடரி கிடைத்தது. முதல் பாலத்திலேயே காவல்காரன், பலகை உளுத்திருக்கிறது, ஏறாதே என்றான். சரி, நிற்கிறேன் என்றேன்.

“முடியாதுண்ணா. யார் சொன்னாலும் காதில் வாங்க மாட்டீங்களே. அதுக்குத்தான் நாலு பாயிண்ட் தந்தேன்” என்றான் விக்னேஷ்.

பலகை உடைந்து ஏழு நிமிடத்தில் செத்தேன். கோடரியை ஓங்கக்கூட இல்லை.

ஞாயிறு மதியம் அவர்கள் கிளம்பிப் போனார்கள். நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். கையில் அந்தத் தாள். முன்பக்கத்தில், ‘எங்கள் ஊழியர்களைப் பற்றி உங்கள் கருத்து’ என்று அச்சடித்திருந்தது. விருந்தாளிகள் எழுதிப்போட்ட மற்ற தாள்களோடு அதுவும் கருத்துப் பெட்டிக்குள் போயிருந்தது.

அதுவரை வாடா போடா என்றவர் அன்று மரியாதைக்கு மாறினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“வாங்க செல்வராசு. ஊட்டியில எத்தன நாளு இருந்தீக?”

“பாய், அது வெளாட்டு...”

“வெளாட்டாத்தான் வேலைக்குச் சேந்தீகளோ? பக்கத்துல நம்பர் போட்டிருக்கே, இதென்ன மார்க்கா?”

“பாயிண்ட்டு பாய்.”

“மொத்தம் பத்தா? நல்லா வாங்கியிருக்கீக. பைய எடுத்துக்கங்க.”

தாழ்ப்பாளைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இன்று என் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், கரண்ட் பில் கட்ட மறந்தாலும் என் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: “இதுக்கு எத்தன பாயிண்டு போட்டுக்கிட்டீக?” கதையை அவளிடம் நான் உட்கார்ந்து சொல்லவில்லை. மறுநாள் காலை காரைக்குடியில் அவள் அம்மா நடத்திய மெஸ்ஸில் நான் வேலை கேட்டபோது, பக்கத்தில் மாவாட்டிக்கொண்டிருந்தவள் தன் காதாலேயே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அனுபவம் உண்டா?” என்றார் அந்த அம்மா.

பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்து, வெறும் வயிற்றோடு வந்திருந்தேன். பொய் சொல்லத் தெம்பில்லை. நான்கு குறைகளையும் பாயிண்ட்டோடு சேர்த்து ஒப்பித்தேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இம்புட்டையும் வச்சுக்கிட்டா வேல கேக்க வந்த?”

“ஆமாக்கா.”

“அங்குட்டு வெங்காய மூட்ட கெடக்கு, உக்காந்து உரி. வறுவல் பக்கம் வந்தேன்னு வையி, கைய ஒடிச்சுருவேன்.”

பாயிண்ட் ஒன்றும் தரவில்லை. உட்கார்ந்து உரித்தேன்.