சிவப்பு மையில் ஒரு பெயரில்லாச் சீட்டு

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்த முறை ரத்தப் பரிசோதனை முடிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அங்கே உன் வீட்டுக்காரர் சுகமா?

“மாமா, அறுபத்தெட்டு வயசுல ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கங்க, தப்பே இல்ல. ஆனா ரெண்டு பேரும் ரத்தம் பாத்துட்டுப் பண்ணிக்கங்க” என்று நீ போனில் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. போய்ப் பார்த்தால் சிபிலிஸ் என்னும் மேகநோய் என்று வந்தது. உன் அத்தை போன பிறகு ஒருவரோடு சில மாதம் பழகியிருந்தேன். அது உனக்குத் தெரியாது, இப்போது தெரியும். உடம்பில் ஒரு அறிகுறியும் இருந்ததில்லை. நர்ஸ் அம்மா, “சார், உலகத்துல ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல இந்த மாதிரி தொத்து வருது. முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது. நீங்க ஒண்ணும் தனி ஆள் இல்ல” என்றார். உதாரணத்துக்கு, முப்பத்தைந்து வருடத்தில் நான் பாடம் நடத்திய ஏழாயிரம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் பத்து நிமிடத்துக்குத்தான் காணும். வாரம் ஒன்றாக மூன்று ஊசி, சரியாகிவிடும் என்றார்.

ஊசிக்குப் பயமில்லை; நான் கட்டிக்கொள்ளப்போகும் கணக்கு டீச்சரை நினைத்துத்தான் பயம். எங்கள் பழக்கம் புத்தகம் மாற்றிக்கொள்வதோடு நிற்கவில்லை என்பதால் அவருக்கும் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தால் கல்யாணம் போய்விடும். நல்லவேளையாக ஆஸ்பத்திரியில் பெயர் போடாத சீட்டு ஒன்று கொடுத்தார்கள்: ‘உங்களோடு நெருங்கிப் பழகிய ஒருவருக்குத் தொற்று இருக்கிறது, பரிசோதித்துக்கொள்ளுங்கள்.’ தபாலில் போடுமுன் படித்துப் பார்த்தேன். விளக்கம் போதவில்லை. முக்கியமான வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் ஒரு உதாரணம் எழுதி, சுருள்சுருளான கிருமியைப் படம் வரைந்து பாகம் குறித்து, ‘புரியாவிட்டால் மீண்டும் படிக்கவும்’ என்று போட்டு, பழக்கதோஷத்தில் கீழே என் சுருக்கொப்பமும் தேதியும் வைத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை டீச்சர் சீட்டோடு வாசலில் நின்றார். “பேர் தெரியாம அனுப்புற லட்சணமா இது?”

நான் தரையைப் பார்த்தேன். “கல்யாணம் வேணாம்னு சொல்லத்தானே வந்தீங்க?”

“ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குத் திறக்கும்னு கேக்க வந்தேன். செருப்பைப் போடுங்க.”

அவருக்குத் தொற்று இல்லை. என் மூன்று ஊசிக்கும் கூடவே வந்து உட்கார்ந்து, நர்ஸ் அம்மாவிடம் “படம் வரஞ்ச கை இதுதான்” என்று காட்டினார். அடுத்த மாதம் கல்யாணம். அன்று நீ மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் உன்னைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நீயும் உன் வீட்டாரும் நோயில்லாமல், வந்தாலும் சீக்கிரம் தெரிந்துகொண்டு, நீடூழி வாழ வேண்டும்.

உன் மாமா

பின்குறிப்பு: இதைப் படித்துவிட்டு டீச்சர் சிரிக்கிறார். என்னிடம் நேரில் கேட்கக் கூச்சப்பட்டு, உன்னைப் போன் பண்ணிச் சொல்லச் சொன்னதே அவர்தானாம். ஆகவே மேலே உள்ள நன்றி விலாசம் மாறி வந்துவிட்டது. ஆசீர்வாதத்தை மட்டும் நீ வைத்துக்கொள்.