கலஹாவுக்கு இறங்கிவந்த வான்

கண்டி மாநகர வாடிக்கையாளர் சேவைச் சக்கரவர்த்தியும் என் அக்காள் பெற்ற ஒரே மாணிக்கமுமான மருமகன் ஜனார்த்தனனுக்கு, கலஹா மாமா சுந்தரலிங்கம் எழுதுவது. இங்கு நாங்கள், நாய் உட்பட, சுகம். அங்கு நீயும் உன் தொலைபேசிகளும் சுகமாயிருக்கக் கதிர்காமத்தான் காப்பானாக.

நீ வேலை கொடுத்த என் மகள் தர்ஷனா, வேலையை விடுவதற்கு இராஜினாமாக் கடிதமே எழுதி வைத்திருந்தாள். பிள்ளை மேல் பிழையில்லை. எங்கள் ஊர்ச் சேவலை எழுப்பிவிடுவதே அவள்தான். பேராதனை நெரிசலில் பஸ் நிற்கிற நேரத்தில் கன்றுக்குட்டி பசுவாகிவிடும். போய்ச் சேர்ந்தால் நாள் முழுக்கத் தொலைபேசியில் ஊரார் ஏச்சு. வீடு திரும்பும்போது சம்பளத்தில் பாதியைப் பஸ் தின்றிருக்கும், ஆயுளில் பாதியையும். ஒரு நாள் கொண்டக்டர் தட்டி எழுப்ப, கண் திறக்காமலே, "காத்திருந்தமைக்கு நன்றி, வேறு ஏதும் உதவி தேவையா?" என்றாளாம். அவன் பயந்துபோய், "மிச்சக் காசைத் தந்துடுறேம்மா, கம்ப்ளைன் மட்டும் பண்ணிடாதீங்க" என்றானாம்.

அதனால்தான் உங்கள் உதவி இலக்கத்துக்கு வாடிக்கையாளனாக அழைத்தேன். அழைப்பு பதிவாகும் என்றது குரல். பதிவானால் நீ கேட்டே ஆகவேண்டுமே. "என்ன முறைப்பாடு ஐயா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "லைன் நல்லாத்தாம்மா இருக்கு. பதில் சொல்ற பிள்ளைங்கதான் பஸ்ல தொங்குதுங்க. வேலை நேரத்துக்குத்தான் சம்பளம்னா, வந்து போற நேரத்துக்கு யாரு குடுக்கிறது?" என்றேன். அந்தப் பிள்ளை மெதுவாக, "இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க ஐயா, நல்லாப் பதியட்டும்" என்றது.

நீ கேட்டாய், வான் அனுப்பினாய். மழை தரும் வானல்ல, சக்கரம் வைத்த வெள்ளை வான். இன்று காலை அது வந்து நின்றபோது தெருவே திரண்டது. உன் அத்தை ஆரத்தி எடுத்தாள். ட்ரைவருக்கும் பொட்டு வைத்தாள். தர்ஷனா இராஜினாமாக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு ஏறினாள். இந்த நன்றியை ஏழு பிறப்பிலும் தவணை முறையில் செலுத்துவேன்.

உன் தொலைபேசிகள் ஓயாமல் ஒலிக்கவும், ஏசுகிறவர்களுக்கு மட்டும் லைன் கிடைக்காமல் போகவும் ஆசீர்வதிக்கும்,
மாமா.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் தர்ஷனா வேலை முடிந்து வந்துவிட்டாள். வான் இவளைக் கலஹாவில் ஏற்றி, கண்டியில் உங்கள் வாசலையே கடந்து, மடவளைக்குப் போய் ருக்கியா என்ற பிள்ளையை ஏற்றிக்கொண்டுதான் திரும்புகிறதாம். "இங்கேயே இறக்கிவிடுங்கண்ணே" என்றதற்கு, "எல்லாரையும் ஒண்ணாத்தான் இறக்கணும்னு ஓடர் தங்கச்சி" என்றானாம் ட்ரைவர். நாளைக்குச் சேவல் படுக்கப் போகும்போதே இவள் எழும்பவேண்டும். ஆகவே வானை வானத்துக்கே அனுப்பிவிட்டு, அதன் எண்ணெய்ச் செலவைப் பிள்ளைகளின் சம்பளத்தோடு சேர்த்துக் கொடு. என் நன்றி உன்னிடமே இருக்கட்டும், திருப்பித் தரவேண்டாம். கிழித்தது கடிதத்தை மட்டும்தான். பேனை பத்திரமாக இருக்கிறது.