ஸ்டெபி பெண் பார்க்கும் விவகாரம்

அன்பு மகன் அமலனுக்கு அம்மா எழுதுவது. பனிமய மாதா உன்னையும் உன் கப்பலையும் கரைசேர்க்கட்டும். இங்கு நான், உன் பெண்சாதி மெட்டில்டா, மகள் ஸ்டெபி எல்லோரும் நலம். அப்படி எழுதுவது மரியாதை என்பதால் எழுதினேன், நலமில்லை.

உன் மகள் செல்போனில் பெண் பார்க்கிறாள். மாப்பிள்ளை பார்த்தாலாவது வயசு என்று விடலாம், பெண் யாருக்கு? ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சென்னையில் ஒருத்தி, கோயம்புத்தூரில் ஒருத்தி, துபாயில் ஒருவன் என்று முகம் தெரியாத கூட்டத்தோடு பேச்சு. ஐந்தாம் வகுப்பில் நான்தான் முதல் மாணவி, என்னை ஏய்க்க முடியுமா? கதவில் காது வைத்தேன்.

"பொண்ணுக்குப் பேரு உண்டா?" என்கிறாள் ஸ்டெபி.

"பேரே இல்ல" என்கிறது போனுக்குள் ஒரு குரல்.

"வேலை?"

"டாக்டர்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரி பக்கமே போகல."

"இன்னொரு பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்த பேசுதாளா?"

"பேசறா, ஆனா அவனைப் பத்தி மட்டும்தான்."

"அப்ப இவளும் தேறமாட்டா."

பெற்றவர்கள் பேர்கூட வைக்காத பிள்ளையை இப்படியா ஏலம் போடுவது? வெளியே வந்தவளை மறித்தேன். "ஏளா, யாருளா அந்தப் பொண்ணு?" "படத்துல பாத்தோம் ஆச்சி, ஒண்ணும் சரியில்ல" என்று போய்விட்டாள். படம் பார்த்தே தட்டிவிடுகிறார்கள்! அப்படியானால் ஸ்டெபி படம் எத்தனை பேர் கையில் இருக்கிறதோ? கோயிலில் வெள்ளை உடுப்போடு அவள் புதுநன்மை வாங்கியபோது பிடித்த படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். மெட்டில்டா சோறு வடிக்கப் போய், அரிசிக்குள் மகள் முகத்தைக் கண்டு, போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும். இப்போது மாமியாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

நீ உடனே லீவு போட்டு வா. நாம் அறியாமல் யாரும் நம் பிள்ளையைத் தேறாதவள் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தப் போனைப் பிடுங்கி உப்பளத்தில் எறி. ஸ்டெபியை நம்பாமல், அடுத்த வீட்டு எமில்டா டீச்சரிடம் கொடுத்து இதைப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாதா துணை.
உன் அம்மா,
செபஸ்தியம்மாள்

பின்குறிப்பு: எமில்டா வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளும் அந்தக் கூட்டமாம்! படம் என்றால் சினிமாப் படமாம். அதில் வரும் பெண்ணுக்குப் பேர் உண்டா, வேலை உண்டா, ஆம்பிளையைப் பற்றி அல்லாமல் வேறு பேச்சு உண்டா என்று எல்லோரும் சேர்ந்து ஆராய்கிறார்களாம். என்னையும் சேர்த்துவிட்டாள். கடற்கரைப் படம் எல்லாவற்றிலும் பொம்பளை கரையில் நின்று அழுதுகொண்டே இருக்கிறாளே, உங்கப்பா கடலுக்குப் போனால் நான் எங்கே அழுதேன், மீன் ஏலத்தில் யாவாரியோடு மல்லுக்கு நிற்கவே நேரம் பத்தாது என்றேன். துபாய்க்காரன்கூடக் கைதட்டினான். போனை எறிய வேண்டாம். எனக்கும் பெரிசாக ஒன்று வாங்கி வா. இன்னொன்று: உனக்குப் பெண் பார்த்தபோது மெட்டில்டாவின் போட்டோவை நான் காட்டினால், நீ பேர்கூடக் கேட்காமல், "மீன் கொழம்பு வைப்பாளாம்மா?" என்றுதான் கேட்டாய். கூட்டத்தில் சொல்லிவிட்டேன். நீ தேறவில்லை.