வேதாசலத்தின் பையில் மிஞ்சிய திருகாணிகள்

வாரம் ஒருமுறை அச்சாகும் ஒரு படக்கதைப் பத்திரிகைக்குள் சித்திரபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒவ்வொரு பக்கமும் ஓர் ஊர். மழை என்றால் சாய்ந்த கோடுகள், வெயில் என்றால் வெறும் வெள்ளைத் தாள். நான் ஆறாம் பக்கத்துக் குடிமகன். 'கூட்டத்தில் ஒருவன்' என்பதுதான் அரசாங்கப் பதிவில் என் பெயர். எங்கே எது நடந்தாலும் பின்னால் நின்று வாய் பிளப்பது என் வேலை. அதனால் இதையெல்லாம் நேரில் பார்த்திருக்கிறேன்.

சித்திரபுரியில் பேச்சு காற்றோடு போகாது. பேசியவர் தலைக்கு மேல் வசனக் குமிழாக எழும்பி, அடுத்த இதழ் வரும்வரை அங்கேயே நிற்கும். திங்கட்கிழமை கோபத்தில் கத்தியதைச் சனிக்கிழமையும் தலையில் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போக வேண்டும். பொய் சொன்னவர் பாடு இன்னும் திண்டாட்டம். எதிரே வருகிறவர் நின்று படித்துவிட்டு, "ஏம்ப்பா, இது நெசமா?" என்று தன் குமிழைப் பக்கத்திலேயே மிதக்க விடுவார். எங்கள் டீக்கடையில் ராஜாவைத் திட்டிய குமிழும் ராஜாவுக்குப் பரிந்து பேசிய குமிழும் ஒரே பெஞ்சுக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். கீழே அந்த இரண்டு பேரும் ஒரே காகிதத்திலிருந்து வடையைப் பிட்டுத் தின்றுகொண்டிருப்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொண்டாட்டம் தீபாவளி மலர். அந்த ஓர் இதழில் மட்டும் பக்கங்களுக்கு நடுவே எல்லைக் கோடு கிடையாது. ஒன்பதாம் பக்கத்துத் துப்பறியும் தில்லைநாயகி எங்கள் பக்கத்துக்கு வந்து, காணாமல் போன அதிரசத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். எங்கள் பக்கத்துக் கண்டுபிடிப்பாளர் வேதாசலம் அவருக்குத் தானாக விரியும் குடை செய்து கொடுப்பார். அது மழை நின்ற பிறகுதான் விரியும். அப்படி ஒரு மலரில்தான் எனக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வசனம் கிடைத்தது. "அடடா!" என்பதுதான் அந்த வசனம். அந்த வாரம் முழுக்க நான் நிமிர்ந்தே நடந்தேன்.

வேதாசலம் தங்கமான மனிதர். கைதான் சொன்னபடி கேட்காது. எந்த இயந்திரத்தைச் செய்தாலும் கடைசியில் ஒரு திருகாணி மிஞ்சிவிடும். "இருக்கட்டும், எதுக்காவது உதவும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நடக்கும்போது பை கிலுகிலுக்கும். அந்தச் சத்தம் கேட்டதுமே உடையக்கூடிய சாமான்களை எடுத்து உள்ளே வைத்துவிடுவோம்.

பிறகு வசனகேசரி மகாராஜா பட்டத்துக்கு வந்தார். மனத்துக்குள் நினைப்பதைக் காட்டும் மேகக் குமிழ்களை முதலில் தடை செய்தார். நினைப்பதால் நாட்டுக்கு வருமானம் இல்லை என்பது காரணம். அடுத்ததாக, பாதுகாப்பை முன்னிட்டுத் தீபாவளி மலர் நிறுத்தப்பட்டது. பக்கங்களுக்கு நடுவே தடித்த கறுப்புக் கோடு போட்டார்கள். அந்தத் தீபாவளிக்கும் எங்கள் தெருவில் 'டமால்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்க்கத்தான் அடுத்த பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

மூன்றாவது ஆணையை அறிவிப்பு அமைச்சர் ஜெகவீரர் நேரிலேயே கொண்டுவந்தார்.

"நாட்டில் பொய் பெருகிவிட்டது. பொய்க் குமிழ்களை அழிக்கும் ரோபோக்களை நீர் செய்து தர வேண்டும்" என்றார்.

"எது பொய்னு ரோபோவுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார் வேதாசலம்.

"பொய்யை அறியும் கருவியை நீர் வையும். அரியணையிலிருந்து வருவதைத் தொடாதே என்று சொல்லும் தகடு ஒன்றை நாம் தருவோம். அதையும் தலைக்குள் பொருத்திவிடும். மற்றது தானாக நடக்கும்."

வேதாசலம் பொருத்தினார். தகர வயிறும் ரப்பர் கைகளுமாக ரோபோக்கள் வரிசையாக நின்றன. வழக்கம்போல ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகாணி மிஞ்சியது. அரசாங்கத் தகட்டைப் பிடித்து நிறுத்த வேண்டிய திருகாணி அது. அவர் பையில் போட்டுக்கொண்டார்.

தொடக்க விழாவில் மகாராஜா, "என் ஆட்சியில் பசி என்பதே இல்லை" என்று பந்தல் அகலத்துக்கு ஒரு குமிழை எழுப்பினார். ரோபோக்கள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக மேடையேறி அதை அழித்தன. "இது அந்நியச் சதி!" என்றார் மகாராஜா. அதையும் அழித்தன. பிறகு அரண்மனைக்குள் நுழைந்து கூடம் கூடமாக அழித்துக்கொண்டே போயின. மறுநாள் பார்த்தால் ஒரு ரோபோவையும் காணவில்லை.

"ரோபோக்கள் ஓடவில்லை. கல்விச் சுற்றுலா சென்றிருக்கின்றன" என்று அமைச்சர் அறிவித்தார். அவை திரும்பும்வரை குடிமக்கள் தங்கள் பேச்சைத் தாங்களே அழித்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்கு ஒரு ரப்பர் வழங்கினார்கள். எல்லாவற்றிலும் கொடுமை இதுதான். டீக்கடையில் 'ஒரு டீ' என்று கேட்டவர்கூட, எதற்கு வம்பு என்று அதை அழித்துவிட்டு வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்.

ரோபோக்களைத் தேட, தில்லைநாயகிக்குக் கறுப்புக் கோட்டைத் தாண்டச் சிறப்பு அனுமதி கிடைத்தது. வேதாசலத்துக்குக் கிடைத்தது எச்சரிக்கை. "அடுத்த இதழ் அச்சேறுவதற்குள் அவற்றைச் சரிசெய்யாவிட்டால் ஆறாம் பக்கம் கிழித்து எறியப்படும். பக்கத்தில் இருப்பவர்களோடு சேர்த்துத்தான்" என்றார் அமைச்சர்.

வேதாசலத்தையும் கூட்டிக்கொண்டு அரண்மனை வாசலுக்குப் போன தில்லைநாயகி, குனிந்து எதையோ விரலால் தொட்டுப் பார்த்தார். "ரப்பர் துகள் அண்ணே. போன வழியெல்லாம் உதிர்ந்திருக்கு" என்றார். துகளைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நானும் போனேன், கூட்டமில்லாமல் துப்பறிய முடியாதல்லவா. அந்தத் தடம் எங்களைக் கடைசிப் பக்கத்துக்கும் பின்னால், பைண்டு செய்து வைத்த பழைய இதழ்களின் தொகுப்புக்குள் கொண்டுபோய் விட்டது.

உள்ளே எங்கள் பழைய டீக்கடை இருந்தது. பழுப்பேறிய தாளில் எல்லாக் குமிழ்களும் அப்படியே மிதந்தன. சண்டை, சமாதானம், வதந்தி, ராஜாவுக்குத் திட்டு. ரோபோக்கள் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தன. ஓர் ஓரத்தில் இளம் வயது நான் நின்றேன், தலைக்கு மேல் "அடடா!"வோடு. நான் அழுதுவிட்டேன்.

"ஏன் இங்க வந்துட்டீங்க?" என்று தில்லைநாயகி கேட்டார்.

"அரண்மனைல அழிச்சு மாளல. கையே தேஞ்சு போச்சு" என்றது ஒரு ரோபோ.

"இங்க மட்டும் பொய் இல்லையா?"

"இருக்கு. ஆனா ஒவ்வொரு பொய்க்குப் பக்கத்துலயும் யாராவது ஒருத்தர் 'நெசமா'ன்னு கேட்டுட்டு நிக்கிறாங்க. எங்களுக்கு இங்க வேலையே இல்ல."

எங்கள் பின்னாலேயே வந்திருந்த அமைச்சரும் காவலர்களும் அப்போது உள்ளே நுழைந்தார்கள்.

"அண்ணே, அந்தத் திருகாணிய மாட்டப் போறீங்களா?" என்றார் தில்லைநாயகி மெதுவாக.

"நான் மட்டும்னா கிழிச்சுட்டுப் போகட்டும்னு விட்ருவேன், தில்லை. பக்கம் பூரா ஜனங்கம்மா." வேதாசலம் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

அவர் ஒவ்வொன்றாகத் திருகாணியை மாட்டினார். மாட்ட மாட்ட ரோபோக்களின் கண்கள் டீக்கடையிலிருந்து அரண்மனைப் பக்கம் திரும்பின. இனி அங்கிருந்து வராததெல்லாம் அவற்றுக்குப் பொய்தான். கடைசி ரோபோவிடம் வந்தபோது திருகாணி கை நழுவி, உருண்டு, தொகுப்பின் தையல் மடிப்புக்குள் விழுந்தது. வேதாசலம் எத்தனையோ பொருளைக் கீழே போட்டவர். போடுவதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

"உமக்கு மறை கழண்டுவிட்டதா? வேறொன்று எடும்!" என்று கத்தினார் அமைச்சர்.

வேதாசலம் பையைத் துழாவி, அந்தப் பழைய குடையில் மிஞ்சிய திருகாணியை எடுத்து மாட்டினார். சரியாக உட்காரவில்லை. அமைச்சர் ரோபோக்களின் தலைகளை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தார்.

அதன் பிறகு தேர்தல் நடந்தது. வெற்றுக் குமிழெல்லாம் சம்மதம் என்று கணக்கிட்டார்கள். நாடு முழுவதும் வெற்றுக் குமிழ்தான். "மக்கள் ஒருமனதாக, மகிழ்ச்சியாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்றார் மகாராஜா. கொஞ்ச நேரத்தில் 'ஒருமனதாக' காணாமல் போயிற்று. பிறகு 'மகிழ்ச்சியாக'வும் போயிற்று. யார் செய்தது என்று அவர் சபையைக் கேட்டார். தெரிந்தவர்களுக்கும் பதில் சொல்ல வழியில்லை. தலைக்கு மேல் எழுந்ததும் அழிந்துகொண்டிருந்தது.

வாழ்நாளில் எனக்கு இது இரண்டாவது வசனம். கொஞ்சம் நீண்டுவிட்டது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு ரோபோ வந்து எதிரே நின்று படித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் இதுவரை படிக்க முடிந்ததென்றால், அது குடைத் திருகாணி மாட்டிய ரோபோ என்று அறிந்துகொள்ளுங்கள். மற்றவை உங்கள் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.