டிராமுக்குப் போட்ட கடிவாளம்

'பைய, பைய' ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. கூடவே ஒரு பிள்ளை நடந்தால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பிள்ளை ஓடினால் 'பைய', அதாவது மெதுவாக. நடந்தால் 'பைய'. சும்மா உட்கார்ந்திருந்தால்? 'எதுக்கும் பைய உக்காரு!' ராஜபாளையம் பாண்டிச்செல்வம் இந்த இனத்தில் முதல் வரிசைக்காரர். வேலையும் அப்படியே வாய்த்தது: கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு ஷெட்டில், பஸ்கள் வேகமாகப் போகாதபடி கருவி மாட்டுகிற மெக்கானிக்.

அவருடைய ஐந்து வயது மகள் மாரிக்கனிக்கு, சென்னையிலிருந்து தாய்மாமன் ஒரு பொம்மை டிராம் அனுப்பிவைத்தார். தண்டவாளம், கரண்டில் ஓடும் வண்டி, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. பிள்ளை ஆசையாகத் திருகினாள். டிராம் சீறிக்கொண்டு போய் வளைவில் கவிழ்ந்து, கட்டிலுக்கடியில் மல்லாந்தது. கனி கைதட்டிக் குதித்தாள். அப்பா பதறிப்போய்க் கட்டிலுக்கடியில் புகுந்தார். காலி வண்டிதானே என்கிறீர்களா? அவர் கண்ணுக்கு அதில் ஐம்பது பேர் இருந்தார்கள்.

அன்றிலிருந்து பார்க்கவேண்டுமே! ஷெட்டிலிருந்து வந்ததும் வராததுமாக, சட்டையைக்கூடக் கழற்றாமல், திருகு பாதிக்கு மேல் போகாதபடி ஓர் ஆணியை வைத்தார். அந்தப் பாதியும் அதிகமென்று பட்டு, கரண்டைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தார். அது போதாதென்று இன்னொன்று, எதற்கும் இருக்கட்டுமென்று மற்றொன்று. ஓட்டிப் பார்ப்பதும் அவரேதான்.

"யப்பா, நா திருகட்டா?"

"செத்த நேரம் பொறு தாயி. அப்பா செக் பண்ணிக்கிடுதேன்."

அந்தச் செத்த நேரம் ஒரு வாரம் ஓடியது. கடைசியில் பெரிய மனசு பண்ணித் திருகைப் பிள்ளை கையில் கொடுத்தார். கனி திருகினாள். டிராம் 'ம்ம்ம்' என்று முனகியது. அவ்வளவுதான்.

"ஓடலையேப்பா?"

"ஓடுது தாயி. நல்லா உத்துப் பாரு."

உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கி, கண்ணில் நீர் முட்டியது. பாண்டிச்செல்வத்துக்குத் தாங்கவில்லை. மகளும் சிரிக்கவேண்டும், வண்டியும் கவிழக்கூடாது; பாவம், மனுஷன் என்னதான் செய்வார்?

"பஸ்ஸுக்கு மாட்டுததப் பிள்ளை சாமானுக்கும் மாட்டிட்டீகளாக்கும்!" என்றாள் மனைவி வேலுத்தாய், அடுப்படியிலிருந்து.

கனி தலை ரிப்பனை உருவி டிராமின் மூக்கில் கட்டி இழுத்தாள். "கோவிந்தா! கோபாலா!" ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவள் அல்லவா? தண்டவாளமாவது ஒன்றாவது! டிராம் கூடத்தைக் கடந்து படுக்கையறைக்குள் பாய்ந்தது. "பைய! பைய!" என்று பின்னாலேயே ஓடினார் அப்பா.

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். "யப்பா, சும்மா கத்தாத. தேர நிறுத்தச் சக்கரத்துக்கடியில கட்டை போடுவாகல்ல? நீ அந்த ஆளு."

அடேயப்பா, அந்த முகத்தில் வந்த பூரிப்பை என்னவென்று சொல்வது! அழிரப்பரைத் தேடி எடுத்துக்கொண்டு, முட்டி தேயத் தவழ்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் சக்கரத்துக்கடியில் கட்டையாகக் கொடுத்தார். பிள்ளை சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். நேற்று மகன் கார் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சேத்தூர் போய்ச் சேரும்வரை வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே போனீர்களே, அங்கே ஏது சார் பிரேக்கு?